ஈஸ்டர் வரைக்கும் ஒரு வாக்கு

ஸஹ்லே
14 செப்டம்பர் 1965

அன்புள்ள மருமகள் லூரிஸுக்கு,

நீயும் தக்லாவும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

அலெப்போவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுவதாக அறிந்தேன். மத்தில்த் அம்மாள் மகனின் மனைவியையும் ஆறு வயதுக் குழந்தையையும் வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள் என்று சொல்கிறார்களாம். அது தவறு. நீ என் வாசலுக்கு வரவே இல்லை. பெய்ரூட்டிலிருந்து திரிப்போலி வழியாக நேரே உன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாய். ஸஹ்லே வழியாகவும் அலெப்போவுக்கு ஒரு சாலை இருக்கிறது. வராதவளுக்கு நான் எப்படிக் கதவைச் சாத்த முடியும்? இந்தப் பேச்சைத் தொடங்கியது யார் என்று கேட்கப் போவதில்லை. நிறுத்த வேண்டியது யார் என்று உனக்குத் தெரியும்.

அனீஸ் போன வாரம் இங்கே வந்து சேர்ந்தான், ஒரே ஒரு பெட்டியுடன். பெய்ரூட் வீட்டைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னான். நான் விவரம் கேட்கவில்லை. சாப்பாடு போட்டேன். தூங்கி எழுந்ததும் வேலை தேடச் சொன்னேன்.

நீ ஏன் போனாய் என்று அவன் வாயால் கேட்டால் பாதிதான் வரும். மீதியை நீ எழுது. ஒரு குடும்பம் பிரிந்து கிடப்பது எனக்குப் பிடிக்காது. ஊர் பேசுவது அதைவிடப் பிடிக்காது.

என் முழங்கால் பழையபடியே இருக்கிறது. உன் அப்பாவுக்கு என் வணக்கம்.

மத்தில்த்

அலெப்போ
30 செப்டம்பர்

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் முழங்காலுக்கு இங்கிருந்து லாரல் எண்ணெய் அனுப்புகிறேன். சூடு செய்து தடவுங்கள். அப்பாவுக்கு மூச்சுத் திணறல் அப்படியே இருக்கிறது. தக்லா நலம்.

அந்தப் பேச்சை நான் தொடங்கவில்லை. அண்ணன் மனைவி ஓதெத் தொடங்கினாள். நிறுத்திவிட்டேன்.

மீதியைக் கேட்டீர்கள். பெய்ரூட்டில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாப் பெண்களும் பால்கனிக்கு வந்துவிடுவோம், அத்தை. குதிரைப் பந்தயம் முடிந்து ஆண்கள் தெருமுனையில் திரும்பும்போது நடையை வைத்தே தெரிந்துவிடும். தோற்றவர் சுவரை ஒட்டி நடப்பார். நடையைப் பார்த்ததும் அவரவர் உள்ளே போய்க் குழந்தைகளைத் தூங்க வைத்துவிடுவோம். எதிர்வீட்டு அர்மீனியப் பெண்ணும் நானும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் என் வீட்டில் அடுத்த நாள் அடுப்பு எரியுமா என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டில் எரியுமா என்று எனக்குத் தெரியும்.

அதையெல்லாம் நான் பொறுத்தேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவர் தக்லாவைப் பூசைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். பந்தய மைதானத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வேலியருகே நிற்க வைத்து, "இங்கயே நில்லு கண்ணு, அப்பா இதோ வந்துடுறேன்" என்று சொல்லியிருக்கிறார். தோற்றதும் குழந்தை கூட வந்தது நினைவில்லாமல் தனியாக வீட்டுக்கு வந்துவிட்டார். "தக்லா எங்க?" என்று கேட்டேன். அவர் முகத்தை என்னால் மறக்க முடியாது. மைதானக் காவலாளி இருட்டிய பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் அழவில்லை. குதிரைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கிளம்பிவிட்டேன். உங்கள் வாசலுக்கு ஏன் வரவில்லை என்றால், வந்தால் நீங்கள் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்தேன்.

நான் அவரை வெறுக்கவில்லை. ஈஸ்டர் வரை அவர் சீட்டையோ பந்தயத்தையோ தொடாமல் இருந்தால் ஸஹ்லேவுக்கு வந்து அவரோடு வாழ்கிறேன். அவருடைய சத்தியங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. இன்னொன்று வேண்டாம். நீங்கள் சொன்னால் போதும். உங்கள் வாயிலிருந்து ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை.

உங்கள் மகள்,
லூரிஸ்

ஸஹ்லே
18 அக்டோபர்

அன்புள்ள லூரிஸ்,

எண்ணெய் வந்தது. வாசனை அதிகம், பலன் குறைவு. இருந்தாலும் தடவுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மைதானம் பற்றிய பகுதியை அனீஸுக்குப் படித்துக் காட்டினேன். அவன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டான்.

உன் நிபந்தனை நியாயமானது. ஏற்றுக்கொள்கிறேன். ஈஸ்டர் ஏப்ரல் பத்தாம் தேதி. அதுவரை மாதத் தொடக்கத்தில் உனக்கு எழுதுவேன். உள்ளதை எழுதுவேன். பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எங்களை முழந்தாளில் நிற்க வைத்தது தப்பு செய்ததற்காக இல்லை, அதை மறைத்ததற்காக. அந்த வயதில் படிந்தது போகாது.

அவனை மாவு மில்லில் எடை பார்க்கும் வேலையில் சேர்த்தேன். பகலுக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். வீட்டில் இருந்த சீட்டுக்கட்டு இரண்டையும் அடுப்பில் போட்டேன். கெட்ட நாற்றம் அடித்தது.

இந்த நோய் உன் கணவனோடு பிறந்தது என்று நினைக்காதே. இந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் திராட்சைத் தோட்டத்தைக் காட்டிக் கேட்டாலும், யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தக் குளிர்காலத்துச் சீட்டாட்டத்தில் போனது என்று கிழவர்கள் சொல்வார்கள். பட்டு நூல் விலை நன்றாக இருந்த காலத்தில் பட்டில் சம்பாதித்ததைச் சீட்டில் விட்டார்கள். என் மாமனார் ஆற்றங்கரைத் தோட்டத்தைச் சீட்டில் தோற்ற அன்றும் வழக்கம்போல விருந்தினரை வாசல் வரை போய் வழியனுப்பினாராம். ஊர் அதைத்தான் இன்றும் பெருமையாகச் சொல்கிறது. என் மாமியார் அதற்குப் பிறகு முப்பது வருடம் பிறர் தோட்டத்துத் திராட்சையை விலைக்கு வாங்கினார். அதை யாரும் சொல்வதில்லை. என் கணவர் சீட்டைத் தொட்டதில்லை. அது ஒரு தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

தக்லாவைக் கோட் போட்டு வெளியே அனுப்பு. அலெப்போ குளிர் வறண்ட குளிர்.

மத்தில்த்

அலெப்போ
7 டிசம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சுகம்தானே? உங்கள் நவம்பர் கடிதமும் டிசம்பர் கடிதமும் சொன்ன நாளில் வந்தன. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அவர் மில்லிலிருந்து நேராக வீட்டுக்கு வருகிறார் என்று படித்தபோது அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அப்பா அன்று இரண்டாவது காபி கேட்டார்.

பார்பரா திருநாளுக்குக் கோதுமை அவித்து மாதுளை போட்டோம். தக்லா முகமூடி போட்டுக்கொண்டு அண்டை வீடுகளுக்குப் போய் வந்தாள். அவள் ஓதெத்தின் பிள்ளைகளோடு ஒரே கட்டிலில் படுக்கிறாள். "எப்ப நம்ம வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்கிறாள். எந்த வீடு என்று எனக்கே தெரியாததால் ஈஸ்டருக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஓதெத் நேற்று என் காதுபட, "ஈஸ்டருக்கு முட்டையோட புருஷனும் பொரிஞ்சு வெளிய வருவானாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

அத்தை, ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். வருடம் பிறக்கும் இரவு வருகிறது. அன்று எல்லா வீட்டிலும் சீட்டு விரிப்பார்கள். பாட்டிகளும் சாமியார்களும் கூட ஆடுவார்கள், ஆடாதவருக்கு அந்த வருடம் ஆகாது என்று. உங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவரை அன்று அந்த வீட்டில் வைக்காதீர்கள். மலை மேல் மடத்துக்கு அனுப்பிவிடுங்கள். முடியாவிட்டால் காய்ச்சல் என்று சொல்லிப் படுக்க வைத்துவிடுங்கள். ஒரே ஓர் இரவுதான். கெஞ்சிக் கேட்கிறேன்.

லூரிஸ்

ஸஹ்லே
20 டிசம்பர்

அன்புள்ள லூரிஸ்,

கிறிஸ்து பிறப்பின் சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். எனக்கு இருமல் இருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை.

காய்ச்சல் என்று சொல்லச் சொல்கிறாய். நான் பொய் சொல்வதில்லை என்பதற்காகத்தானே என் வார்த்தையைக் கேட்டாய்? அதே கையால் பொய்யையும் கேட்கிறாயே.

என் கணவர் இருந்தவரை அந்த இரவில் இந்த வீட்டில் விளக்கு அணைந்ததில்லை. அவர் போன பிறகும் அணைந்ததில்லை. அவர் ஆட மாட்டார், எல்லோருக்கும் பரிமாறுவார். யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. அனீஸும் அப்படியே பரிமாறுவான். மடத்துக்கு அனுப்பினால் மறுநாள் காலை ஊர் முழுக்க, மத்தில்த் அம்மாளின் மகன் சீட்டைப் பார்த்தால் நடுங்குகிறான், அதனால் ஒளித்து வைத்தாள் என்று பேசும். அவன் மில்லுக்குத் தலை நிமிர்ந்து போக வேண்டாமா? நாளைக்கு நீயும் இதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

என் வீட்டை எனக்குத் தெரியும். கவலைப்படாதே.

தக்லாவுக்குக் குருத்து ஞாயிறு பவனிக்கு வெள்ளை உடை தைக்க நினைத்திருக்கிறேன். தோள் அளவும் உயரமும் எடுத்து அனுப்பு. முன்பு ஒரு கடிதத்தில் நீ அவள் உயரத்தைக் 'கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள்' என்று எழுதினாய். அதை வைத்துத் தைக்க முடியாது.

மத்தில்த்

ஸஹ்லே
9 ஜனவரி 1966

அன்புள்ள லூரிஸ்,

புத்தாண்டு உங்களுக்கு நல்லதாக அமையட்டும்.

விருந்து ஒழுங்காக நடந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் நள்ளிரவு வரை இறைச்சி இல்லை, மீன் வைத்தேன். பன்னிரண்டு அடித்த பிறகுதான் கிப்பே இறைச்சி. பங்குச் சாமியார் பாதாம் மிட்டாய் வைத்து ஆடி, வைத்ததை எல்லாம் மருந்துக் கடை ஷுக்ரல்லாவிடம் தோற்றார். வெளியே பனி விழுந்ததால் எல்லோரும் தாமதமாகவே கலைந்தார்கள்.

எல்லோரும் நலம். அளவுகள் வந்தன.

மத்தில்த்

அலெப்போ
23 ஜனவரி

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? இங்கே அப்பாவுக்கு அதிகமாகிவிட்டது. டாக்டர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிறார்.

உங்கள் கடிதம் இந்த முறை சிறியதாக இருந்தது. சாமியார் எதை வைத்து ஆடினார் என்று எழுதியிருந்தீர்கள். மீன் என்று எழுதியிருந்தீர்கள். அவர் எங்கே இருந்தார் என்று மட்டும் எழுதவில்லை. பரிமாறிக்கொண்டிருந்தார் என்று நானே நினைத்துக்கொண்டேன். நினைத்தது சரிதானே?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே நாள் முழுக்க ஒரு அறையில் உட்கார்ந்து நான் யோசிப்பது இதைத்தான். ஓதெத்தின் தங்கைக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு அவள் இங்கே வந்து தங்கப் போகிறாள். எங்கள் அறைதான் காலியாக இருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

உங்கள் பிப்ரவரிக் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

லூரிஸ்

ஸஹ்லே
28 பிப்ரவரி

அன்புள்ள லூரிஸ்,

உன் அப்பாவின் உடல்நிலைக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். நான் எழுதத் தாமதமாகிவிட்டது. பனி காரணம் இல்லை. தபால் ஒழுங்காகத்தான் போய் வருகிறது.

தவக்காலம் தொடங்கிவிட்டது. வெங்காயமும் பருப்பும்தான் சமையல். ஒருவருக்குச் சமைப்பது கடினம், எப்போதும் மிஞ்சிவிடுகிறது. கூடத்துச் சுவரில் கடிகாரம் இல்லாததால் கன்னியர் மடத்து மணியை வைத்து நேரம் பார்க்கிறேன். தரையில் கம்பளம் இல்லாமல் கால் சில்லிடுகிறது, உன் எண்ணெய் இப்போதுதான் உதவுகிறது.

அனீஸ் மெலிந்திருக்கிறான். மில்லில் இப்போது இல்லை. வேறு வேலை பார்ப்பதாகச் சொல்கிறான்.

தக்லாவின் உடை முடிந்துவிட்டது. கழுத்தைச் சுற்றி நானே பின்னல் வைத்தேன். இந்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். பவனிக்கு எந்தக் கோயிலில் போட்டாலும் போட்டதுதானே.

மத்தில்த்

ஸஹ்லே
12 மார்ச்

என் லூரிஸுக்கு,

உன் அனீஸ் எழுதுகிறேன். கிழித்துவிடாதே, முழுக்கப் படி. நீ நன்றாக இருக்கிறாயா? தக்லா பல் விழுந்து சிரிக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அந்தப் பல்லை எனக்காக எடுத்து வை.

அம்மாவுக்கு விரல் வலி. அதனால் அவள் சார்பில் எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் நீ சீக்கிரம் வர வேண்டும். ஈஸ்டர் வரை எதற்குக் காத்திருக்கிறாய்? குருத்து ஞாயிறு பவனியில் என் மகளை நான் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

யாராவது எழுதுவதற்கு முன் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பார், எவ்வளவு நேர்மையாகிவிட்டேன். வருடம் பிறந்த இரவில் ஒரே ஒரு முறை ஆடினேன். நானாகப் போய் உட்காரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்போது ஷுக்ரல்லா, "என்ன மாப்ள, தட்டோட சுத்துற? மதர் சுப்பீரியர் இன்னும் அனுமதி குடுக்கலையா?" என்று அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தான். கூடம் முழுக்கச் சிரித்தது. அவன் மனைவி விடவில்லை. "பாவம், விடுங்க. பொண்டாட்டி போனப்ப கையையும் கூட எடுத்துட்டுப் போயிட்டா." சாமியாரே சிரித்தார் என்றால் பார்த்துக்கொள். அம்மா முகம் சிவந்துபோனது. எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கினாள். அப்பாவின் நாற்காலியைத் தன் கையால் இழுத்துப் போட்டாள். "அனீஸ், உக்காரு. இது உன் வீடு. இவங்க உனக்கு விருந்தாளிங்க" என்றாள்.

அம்மா பேச்சைத் தட்ட முடியுமா? உட்கார்ந்தேன். 'இருபத்தொன்று' சீட்டாட்டம்தான் ஆடினோம். லூரிஸ், நீ அன்று இருந்திருக்க வேண்டும்! கேட்ட சீட்டெல்லாம் வந்தது. ஷுக்ரல்லாவின் வாயே அடைத்துப்போனது. அம்மா பின்னால் நின்று பார்த்தாள், அவள் முதுகு நிமிர்ந்து இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் ஆம்பளையாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஓர் இரவுதான். அது கணக்கில் வராது. உன் அப்பாவே அன்று ஆடியிருப்பார். வா. காற்று என் பக்கம் திரும்பிவிட்டது.

உன் அனீஸ்

அலெப்போ
20 மார்ச்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் விரல் வலி எப்படி இருக்கிறது? வலித்தால் இரண்டே வரி எழுதினால் போதும். இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில், உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

உடை வந்தது. தக்லாவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தாள்.

அவர் எனக்கு எழுதியிருக்கிறார். வருடப் பிறப்பு இரவில் ஆடியதையும், நாற்காலியை நீங்கள் இழுத்துப் போட்டதையும் எழுதியிருக்கிறார். முதல் நாள் முழுக்க அழுதேன். மறுநாள் யோசித்தேன். நான் கேட்டேன், நீங்கள் மறுத்தீர்கள், அவ்வளவுதான். அந்த இரவில் என் அப்பாவும் ஆடினார். படுக்கையில் சாய்ந்தபடி ஆடினார். அந்த இரவை நான் எண்ணப் போவதில்லை. உங்கள் மேலும் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு, அத்தை? கம்பளத்தையும் கடிகாரத்தையும் பற்றி எழுதியிருந்தீர்கள். பெய்ரூட்டில் எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஒவ்வொன்றும் இல்லாமல் போனது. உங்கள் வீட்டில் அப்படி நடக்க நீங்கள் விடமாட்டீர்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கம்பளம் சலவைக்கும் கடிகாரம் பழுதுக்கும் போயிருக்கும்.

ஏப்ரல் இரண்டாம் தேதி சனிக்கிழமை காலை ஹோம்ஸ் வழியாக வரும் வண்டியில் எனக்கும் தக்லாவுக்கும் இடம் சொல்லியிருக்கிறேன். ஓதெத் இப்போதே அறையில் திரைச்சீலை மாற்றிவிட்டாள். "போறவள வாழ்த்தி அனுப்பணும்" என்கிறாள். எனக்குப் போக வேறு இடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த இரவுக்குப் பிறகு அவர் தொடவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நான் கேள்வி கேட்காமல் வண்டி ஏறுகிறேன்.

உங்கள் மகள்,
லூரிஸ்

ஸஹ்லே
27 மார்ச் 1966

என் மகள் லூரிஸுக்கு,

கடவுள் உன்னையும் குழந்தையையும் காக்கட்டும். எனக்கு விரல் வலி இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

வராதே.

இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. அனீஸ் குதிரைப் பந்தயத்துக்குப் பெய்ரூட் போயிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் போகிறான். வார நாட்களில் கடற்கரைச் சூதாட்ட மாளிகைக்கு. மில்லில் அவனை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. அங்கே என்ன செய்தான் என்று முதலாளி என்னிடம் சொல்லவில்லை. என் கணவர் மேல் இருந்த மரியாதைக்காகச் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னார்.

அவன் உனக்கு எழுதியது உண்மை. நாற்காலியை நான்தான் இழுத்துப் போட்டேன். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவன் ஜெயித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவன் என் முதுகில் பார்த்துவிட்டான்.

கம்பளம் சலவைக்குப் போகவில்லை, கடிகாரமும் பழுதுக்குப் போகவில்லை. அவன் திருடவும் இல்லை. அவன் கேட்டான், நான் கழற்றிக் கொடுத்தேன். மறுத்தால் வாசலில் நின்று கத்துவான். ஷுக்ரல்லா வீட்டு ஜன்னல் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. உனக்கு நான் எழுதிய எந்த வரியும் பொய் இல்லை என்று எண்ணிச் சமாதானமாக இருந்தேன். கன்னியாஸ்திரீகள் இருந்தால் என்னை முழந்தாளிட வைத்திருப்பார்கள்.

இதோடு முடிந்தது என்றால், இனி கவனமாக இருப்பேன் என்று சொல்லி உன்னைக் கூப்பிட்டிருப்பேன். முடியவில்லை. போன ஞாயிறு அவன் கிளம்பிப் போன பிறகு நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தவக்காலம், துக்க தேவரகசியங்கள் சொல்ல வேண்டும். பாதியில் நான் எதற்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அவன் ஜெயிக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். போவதை நிறுத்த வேண்டும் என்று இல்லை. ஜெயிக்க வேண்டும் என்று. எழுபத்தொரு வயதில், மாதாவின் படத்துக்கு முன்னால், ஒரு குதிரைக்காக. ஜெபமாலையைக் கீழே வைக்கவும் என் கை வரவில்லை. கடைசி வரை சொல்லி முடித்தேன்.

அவன் இருட்டிய பிறகு வந்தான். "என்னடா ஆச்சு?" என்று நான்தான் முதலில் கேட்டேன். அவன் ஆச்சரியமாக என்னைப் பார்த்துச் சிரித்தான். "அம்மா, நீயும் ஆட்டத்துக்கு வந்துட்ட" என்றான்.

உன் பதிவுத் தபால் நேற்று வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியதை அவன் பார்த்துவிட்டான். "எழுதும்மா. ஒரு வரிதானே? அவ வந்துட்டா நான் திருந்திடுவேன். சத்தியமா, தக்லா மேல" என்றான். அழுதான், லூரிஸ். தரையில் உட்கார்ந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் அழுத மாதிரியே அழுதான். நான் தாளை எடுத்தேன். 'அந்த இரவுக்குப் பிறகு அவன்' என்பது வரை எழுதினேன். அடுத்த சொல்லும் பேனாவில் இருந்தது. கோயில் மணி அடித்ததால் எழுந்தேன். மணி அடித்திருக்காவிட்டால் எழுதியிருப்பேன். எழுதியிருந்தால் இந்தச் சனிக்கிழமை நீ வண்டியில் ஏறியிருப்பாய். குழந்தையை அவன் தோளில் தூக்கியிருப்பான். அடுத்த ஞாயிறு அவளை எங்கே நிறுத்தியிருப்பான் என்று உனக்குத் தெரியும்.

அந்தத் தாளைக் கொளுத்திவிட்டேன். ஆனால் என்னிடம் தாள் நிறைய இருக்கிறது, அவன் மறுபடி அழுவான். அதனால் சொல்கிறேன்: இனி என்னிடமிருந்து, என் கையெழுத்திலேயே, அவன் திருந்திவிட்டான், வா என்று ஒரு கடிதம் வந்தால் நீ நம்பாதே. அது எந்தத் தேதியில் வந்தாலும், நான் சாகக் கிடப்பதாக எழுதினாலும் நம்பாதே. என் வார்த்தை மட்டும் போதும் என்றாய். நான் அவனுடைய அம்மா. நாற்காலியை இழுத்துப் போட்டவள். என் வார்த்தை போதாது.

ஓதெத்தின் வாய்க்குப் பயப்படாதே. ஊர்ப் பேச்சுக்குப் பயந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை என்னைப் பார்த்துத் தெரிந்துகொள். அறை இல்லை என்றால் அலெப்போவில் பிரான்சிஸ்கன் கன்னியர் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுப்பவர்களுக்குத் தங்க இடம் தருவார்கள். தலைமைக் கன்னியாஸ்திரீக்கு உனக்காக ஒரு பரிந்துரை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதில் உன்னைப் பற்றி உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன், நம்பலாம். அவள் என் வகுப்புத் தோழி. கண்டிப்பானவள், ஆனால் நியாயமானவள்.

தக்லா அந்த உடையை அங்கேயே பவனிக்குப் போடட்டும். எப்படி இருந்தாள் என்று நீ எழுத வேண்டாம். எழுதினால் நான் அவளைப் பார்க்க ஆசைப்படுவேன். ஆசைப்பட்டால் பேனாவை எடுத்துவிடுவேன்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்தேன், சனிக்கிழமை வண்டியில் ஏறமாட்டேன், இனி நீங்கள் வா என்று எழுதினாலும் வரமாட்டேன் என்று எழுதி அனுப்பு. யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாதே. வீட்டு முகவரிக்கு வேண்டாம், ஸஹ்லே கன்னியர் மடத்து முகவரிக்கு, என் பெயர் போட்டு அனுப்பு. உன் கையெழுத்தில், தேதி போட்டு, எழுத்தில் வேண்டும்.

மத்தில்த்